மில்க் ஆற்றில் ஓடுவது யார் தண்ணீர்?

கேள்வி சுருக்கமாக இது: "கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் லெத்பிரிட்ஜிலிருந்து அமெரிக்காவின் மொன்டானா மாநில எல்லைக்குக் காரில் போகும்போது மில்க் ரிவர் என்று ஒரு சின்ன ஊர் வந்தது. அங்கே ஓடும் ஆறு அமெரிக்காவில் பிறந்து, கனடாவுக்குள் வந்து, திரும்ப அமெரிக்காவுக்கே போகிறதாம். அதுகூடப் பரவாயில்லை, கோடையில் அதில் ஓடுவது பெரும்பாலும் வேறொரு ஆற்றின் தண்ணீர் என்றார் அங்கே ஒருவர். இதெல்லாம் உண்மையா? உண்மை என்றால் அந்தத் தண்ணீர் யாருடையது, எப்படிப் பங்கு போடுகிறார்கள்?"

உங்களிடம் சொன்னவர் கதை விடவில்லை. நீங்கள் ஜூலையில் அந்தப் பாலத்தைக் கடந்திருந்தால், கீழே ஓடியதில் பெரும்பகுதி செயின்ட் மேரி என்ற பக்கத்து ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டிக் கொண்டுவந்த நீர்தான். அமெரிக்கா தன் நிலத்துக்காகத் திருப்பிவிட்ட தண்ணீர் கனடா வழியாகப் பயணம் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் பார்த்தது பாதி ஆறு, பாதி வாய்க்கால்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். அது புரியாமல் இந்தத் தண்ணீரைப் பங்குபோட இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் புரியாது.

மொன்டானாவின் வடமேற்கு மூலையில் கிளேசியர் தேசியப் பூங்காவின் மலைகள் இருக்கின்றன. அங்கே 'டிரிபிள் டிவைட்' என்று ஒரு சிகரம். அதன் உச்சியில் பெய்யும் மழை எந்தச் சரிவில் விழுகிறது என்பதைப் பொறுத்துப் பசிபிக்குக்கோ, ஹட்சன் விரிகுடாவுக்கோ, மெக்சிகோ வளைகுடாவுக்கோ போய்ச் சேரும். செயின்ட் மேரி இந்த மலைகளுக்குள்ளேயே பிறக்கிறது. உச்சிப் பனியும் பனிப்பாறைகளும் ஊட்டும் ஆறு அது. வடக்கே ஓடி, ஆல்பர்ட்டாவில் ஓல்டுமேன் ஆற்றோடு கலந்து, தெற்கு சஸ்காட்செவன் வழியாக ஹட்சன் விரிகுடாவுக்குப் போகிறது.

மில்க் பிறப்பது அதற்குக் கிழக்கே, மலைக்கு வெளியே, பிளாக்ஃபீட் பழங்குடியினரின் ஒதுக்கீட்டு நிலத்திலுள்ள அடிவாரக் குன்றுகளில். அதற்கு உயரமான பனி கிடையாது. மார்ச், ஏப்ரலில் புல்வெளிப் பனி உருகும்போது ஒரு பாய்ச்சல், ஜூனில் மழை பெய்தால் இன்னொன்று. அதோடு சரி. ஜூலை பிறந்தால் ஆறு மெலிந்துவிடும். வடகிழக்காகச் சாய்ந்து ஆல்பர்ட்டாவுக்குள் நுழைந்து, எல்லைக்கு இணையாக வளைந்து வளைந்து கிழக்கே போய், மறுபடி மொன்டானாவுக்குள் இறங்குகிறது. ஃப்ரெஸ்னோ நீர்த்தேக்கம், ஹேவர், சினூக், ஹார்லெம், மால்ட்டா, கிளாஸ்கோ என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு, ஃபோர்ட் பெக் அணைக்குச் சற்றுக் கீழே மிசௌரியில் சேர்கிறது. மொத்தம் சுமார் 1,170 கிலோமீட்டர். மால்ட்டா, கிளாஸ்கோ போன்ற பெயர்கள் எப்படி வந்தன என்றால், ரயில் கம்பெனிக்காரர் ஒருவர் பூகோள உருண்டையைச் சுழற்றிவிட்டுக் கண்ணை மூடி விரல் வைத்த இடங்களாம். உள்ளூரில் சொல்லும் கதை. நம்புவது உங்கள் விருப்பம்.

இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருப்பது மலைத்தொடர்கூட இல்லை. ஒரு மேடு. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஆர்க்டிக் திசைக்கும், இந்தப் பக்கம் மெக்சிகோ திசைக்கும் போகிறது. பிரச்சினை முழுவதும் அந்த ஒரு மேட்டில் இருக்கிறது.

பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1805 மே மாதத்தில், அமெரிக்காவின் மேற்கை ஆராயப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் பயணக் குழு இதன் முகத்துவாரத்துக்கு வந்தபோது தேநீரில் ஒரு கரண்டி பால் விட்ட நிறத்தில் ஆறு இருந்ததாகக் குறித்து, மில்க் என்று பெயர் வைத்தார்கள். நுண்ணிய களிமண்தான் அந்தப் பால். பிளாக்ஃபீட் மக்கள் அதற்கு முன்பே வைத்திருந்த பெயரின் பொருள் 'சின்ன ஆறு'. என்னைக் கேட்டால் அதுதான் பொருத்தமான பெயர்.

ஹேவருக்குக் கிழக்கே போனால் இந்தச் சின்ன ஆறு ஓடும் பள்ளத்தாக்கு அதன் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் அகலமாக இருக்கும். தம்பி அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட மாதிரி. அது உண்மையில் மிசௌரியின் பழைய பள்ளத்தாக்கு. பனியுகத்தில் வடக்கிலிருந்து இறங்கிய பனிப்படலம் மிசௌரியைத் தெற்கே தள்ளிவிட்டது. பனி விலகியபின் காலியாகக் கிடந்த பள்ளத்தாக்கில் மில்க் குடிவந்தது. அகலமான, சமதளமான, வண்டல் படிந்த நிலம். நடுவில் போதுமான தண்ணீர் இல்லாத ஆறு. விவசாயிக்கு இதைவிட ஆசைகாட்டும் இடமும் இல்லை, ஏமாற்றும் இடமும் இல்லை.

1880களின் இறுதியில் ரயில் வந்தது, குடியேறிகள் வந்தார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், ஆறு போதவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் செயின்ட் மேரி நிறைய நீரோடு வடக்கே கனடாவுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு அவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. அந்த ஆற்றை மேட்டைத் தாண்டித் திருப்பி மில்க்கில் விடும் திட்டம் உருவானது. 1902-இல் அமெரிக்க மத்திய அரசு பாசனச் சட்டம் கொண்டுவந்ததும் அதன்கீழ் முதலில் எடுத்துக்கொண்ட ஐந்து திட்டங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் செயின்ட் மேரிக்குக் கீழே ஏற்கெனவே ஆள் இருந்தது. லெத்பிரிட்ஜில் நிலக்கரியும் ரயிலும் வைத்திருந்த கால்ட் குடும்பத்தின் கம்பெனி, 1898 முதல் 1900 வரை அதே ஆற்றிலிருந்து ஒரு கால்வாய் வெட்டியது. யூட்டாவிலிருந்து வந்து கார்ட்ஸ்டன் பகுதியில் குடியேறிய மார்மன் என்ற மதப் பிரிவினர்தான் மண் வெட்டினார்கள். கூலியில் பாதி பணம், பாதி நிலம். அமெரிக்கா மேலே தண்ணீரைத் திருப்பினால் இந்தக் கால்வாய் காயும்.

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. 1895-இல் ரியோ கிராண்டே ஆற்று விஷயத்தில் மெக்சிகோ முறையிட்டபோது, அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரல் ஜட்சன் ஹார்மன் ஒரு கருத்துச் சொல்லியிருந்தார்: தன் எல்லைக்குள் ஓடும் நீரை ஒரு நாடு என்ன வேண்டுமானாலும் செய்யலாம், கீழே இருப்பவருக்குச் சட்டப்படி எந்தக் கடமையும் இல்லை. செயின்ட் மேரியில் மேலே இருப்பது அமெரிக்கா, அதற்கு இந்த வாதம் வசதிதான். ஆனால் திருப்பிய தண்ணீர் மில்க் வழியாகத்தானே போக வேண்டும்? மில்க்கோ நடுவில் கனடாவுக்குள் புகுந்து போகிறது. அங்கே மேலே இருப்பது கனடா!

கால்ட் கம்பெனி அதைப் புரிந்துகொண்டது. 1903, 1904-இல் இன்றைய மில்க் ரிவர் ஊருக்குப் பக்கத்தில் ஆற்றிலிருந்து ஒரு கால்வாய் வெட்ட ஆரம்பித்தார்கள். நீங்கள் அங்கே செயின்ட் மேரியைத் திருப்பினால், நாங்கள் இங்கே அதை இறக்கிக்கொள்வோம் என்பதுதான் அதன் பொருள். அந்தக் கால்வாய்க்கு ஆங்கிலத்தில் நிலைத்த பட்டப்பெயரைத் தமிழில் 'வீம்பு வாய்க்கால்' என்று சொல்லலாம். அதன் தடம் இன்றும் புல்வெளியில் தெரிகிறது. பாசனம் என்று பார்த்தால் அதனால் பெரிய பயன் விளையவில்லை. பேச்சுவார்த்தை மேசைக்கு அமெரிக்காவை உட்கார வைத்ததில் அதற்கு ஈடான வாய்க்கால் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அந்தப் பேச்சுவார்த்தையின் பலன், இரு நாடுகளும் 1909 ஜனவரி 11 அன்று கையெழுத்திட்ட எல்லை நீர் ஒப்பந்தம். ஐம்பேரேரிகள், நயாகரா எல்லாவற்றையும் பேசும் ஒப்பந்தம்தான்; அதில் ஆறாவது பிரிவு முழுக்க இந்த இரண்டு சின்ன ஆறுகளுக்கு. அதன் சாரம் இது. செயின்ட் மேரியையும் மில்க்கையும் ஒரே ஆறாக எண்ண வேண்டும். மொத்த நீரை இரு நாடும் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். ஆனால் ஒவ்வோர் ஆற்றிலும் தனித்தனியே பாதி எடுக்க வேண்டியதில்லை. ஒன்றில் கூட, ஒன்றில் குறைய எடுத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரையான பாசன காலத்தில், செயின்ட் மேரியில் வினாடிக்கு 500 கன அடி, அல்லது இயல்பான நீர்வரத்தில் முக்கால் பங்கு, கனடாவுக்கு முன்னுரிமை. மில்க்கில் அதே அளவு அமெரிக்காவுக்கு முன்னுரிமை. அப்புறம், செயின்ட் மேரியிலிருந்து திருப்பிய நீரைக் கனடாவுக்குள் ஓடும் மில்க் வழியாக அமெரிக்கா கொண்டுபோகலாம். இந்தக் கடைசி வரிதான் வீம்பு வாய்க்காலுக்குக் கிடைத்த பதில்.

சாதுரியமான ஒப்பந்தம். ஆனால் எழுதியவர்கள் ஒரு முடிச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். சரிபாதி என்பது முன்னுரிமையையும் சேர்த்துப் போடும் கணக்கா, முன்னுரிமை போக மிச்சத்துக்கா? ஒப்பந்தத்தால் உருவான கூட்டு ஆணையம் 1915-இலிருந்து விசாரணை நடத்தி, 1921 அக்டோபரில் உத்தரவு போட்டது. (அப்போது ஆணையத்தில் கனடா தரப்புத் தலைவர் சார்ல்ஸ் மெக்ராத். லெத்பிரிட்ஜின் முதல் மேயர், முன்பு கால்ட் கம்பெனியின் நில அதிகாரி. இன்று இப்படி ஒரு நியமனம் நடந்தால் சும்மா விடுவார்களா?) உத்தரவு சொன்னது: பாசன காலத்தில் செயின்ட் மேரியில் முதல் 666 கன அடிவரை முக்கால் பங்கு கனடாவுக்கு, கால் பங்கு அமெரிக்காவுக்கு, அதற்கு மேல் வருவது சரிபாதி. மில்க்கில் இதே கணக்கு, நாடுகள் மட்டும் இடம் மாறும். குளிர்காலத்தில் இரண்டிலும் பாதிப் பாதி. சைப்ரஸ் குன்றுகளிலிருந்து இறங்கி மில்க்கில் சேரும் லாட்ஜ், பேட்டில், ஃபிரெஞ்ச்மேன் என்ற மூன்று கிளையாறுகளிலும் பாதிப் பாதி. 666 எங்கிருந்து வந்தது என்று திகைக்க வேண்டாம். அதில் முக்கால் பங்கு போட்டுப் பாருங்கள், 500 வரும்.

பார்வைக்கு இரு பக்கமும் சமம். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் சும்மா எடுத்துக்கொண்ட ஒரு கோடை நாள்: செயின்ட் மேரியில் 1,000 கன அடி, மில்க்கில் 100. செயின்ட் மேரியில் கனடாவுக்குச் சுமார் 667, அமெரிக்காவுக்கு 333. மில்க்கில் அமெரிக்காவுக்கு 75, கனடாவுக்கு 25. கூட்டினால் கனடா 692, அமெரிக்கா 408. காரணம் எளிது. இருவருக்கும் ஒரே மாதிரி முன்னுரிமை கொடுத்தார்கள். ஆனால் ஒருவருக்குக் கொழுத்த ஆற்றில், இன்னொருவருக்கு மெலிந்த ஆற்றில். மொன்டானாக்காரர்கள் நூறு வருஷமாக "ஒப்பந்தத்தில் சரிபாதி என்று இருக்கிறதே" என்று கேட்பது இதனால்தான். 2003-இல் அந்த மாநில ஆளுநர் ஜூடி மார்ட்ஸ் உத்தரவை மறுபரிசீலனை செய்யும்படி ஆணையத்துக்கே எழுதினார். ஆல்பர்ட்டாவின் பதிலும் லேசானதல்ல: 1921-ஐ நம்பித்தான் இத்தனை அணையும் கால்வாயும் ஊரும் கட்டினோம். உத்தரவு இன்றுவரை அப்படியே நிற்கிறது.

இதுவரை சொன்னது காகிதத்தில் இருக்கும் பங்கு. நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வேறு. இந்த ஆற்றில் யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதை ஒப்பந்தத்தைவிட அதிகமாகத் தீர்மானிப்பது பாத்திரம். ஏந்தப் பாத்திரம் வைத்திருப்பவருக்குத் தண்ணீர், இல்லாதவருக்கு உரிமை.

செயின்ட் மேரி பெருக்கெடுப்பது ஜூனில். அப்போது அமெரிக்காவின் பங்கும் பெரிது. ஆனால் அதை எடுக்க இருக்கும் வழி ஒரே ஒரு கால்வாய். 47 கிலோமீட்டர் நீளம், 1915-இல் கட்டி முடித்தது. வினாடிக்கு 850 கன அடி கொண்டுபோக வடிவமைத்தார்கள். கரை சரிந்து, கான்கிரீட் உதிர்ந்து, 600-க்கு இறங்கிவிட்டது. எடுக்க முடியாதது எல்லை தாண்டி வடக்கே போகிறது. அங்கே ஆல்பர்ட்டா 1951-இல் முடித்த செயின்ட் மேரி அணை ஏந்திக்கொள்கிறது. அதன் கீழே கனடாவிலேயே பெரிய பாசன மாவட்டம், பயிர்களில் டேபர் என்ற ஊர்ப் பக்கத்தில் சர்க்கரை எடுக்க விளைவிக்கும் பீட் கிழங்கு உட்பட. மில்க்கில் இதற்கு நேர் எதிர். ஆல்பர்ட்டாவுக்கு அங்கே ஒரு பங்கு உண்டு, ஆனால் அணை கிடையாது. கட்டலாமா என்று பலமுறை ஆராய்ந்து அப்படியே வைத்துவிட்டார்கள். வசந்தத்தில் வரும் பங்கைத் தேக்கிவைக்க வழியில்லை. கோடையில் வேண்டும்போது இயல்பு நீரே சொற்பம், அதில் கால் பங்கு என்ன பெரிதாக இருக்கும்? மொன்டானா ஒன்றில் தவறவிடுகிறது, ஆல்பர்ட்டா மற்றொன்றில்.

இந்தக் கோணலைச் சமாளிக்க 2001-இல் ஒரு கைமாற்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். வசந்தத்தில் அமெரிக்கா செயின்ட் மேரியில் தன் பங்கைவிடச் சற்று அதிகம் எடுக்கும். கோடையில் கனடா மில்க்கில் அதிகம் எடுக்கும். பிறகு நேர்செய்துகொள்வார்கள். உத்தரவைத் தொடவில்லை. அரசியல்வாதிகள் நூறு வருஷம் பேசியதைவிட அளவீட்டுக்காரர்கள் செய்த இந்த ஏற்பாடு விவசாயிக்கு அதிகம் உதவியது என்பது என் எண்ணம்.

அளவீட்டுக்காரர்கள் என்றேன். இரு நாட்டின் நீரியல் துறைகளும் சேர்ந்து இந்தப் பற்றுவரவை எழுதுகின்றன. பிரிக்க வேண்டியது ஆற்றில் இப்போது ஓடும் நீரை அல்ல, 'இயல்பு நீர்வரத்தை'. அதாவது மனிதர் யாரும் கை வைக்காமல் இருந்தால் எவ்வளவு ஓடியிருக்குமோ அதை. அதை எந்த அளவுகோலிலும் படிக்க முடியாது. அளந்த நீரோடு மேலே எடுத்தவற்றைக் கூட்டி, கால்வாய் கொண்டுவந்து கொட்டியதைக் கழித்து, வழியில் ஆவியானதையும் மண் குடித்ததையும் மதிப்பிட்டு, அப்புறம்தான் பங்கு. ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு கணக்கு. யாராவது அதிகம் எடுத்திருந்தால் அடுத்து வரும் நாட்களில் விட்டுக்கொடுக்க வேண்டும்.

இரண்டு நாடுகளும் இப்படிப் பிரித்துக்கொண்டபோது ஒரு தரப்பை ஒப்பந்தம் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிடவில்லை. ஹார்லெமுக்குப் பக்கத்தில் மில்க்கின் தென்கரையில் ஃபோர்ட் பெல்க்னாப் ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது. கிரோ வான்ட், அசினிபோயின் என்ற இரண்டு பழங்குடிகளின் இடம். 1888-இல் பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்து இந்தத் துண்டோடு நின்றவர்கள். 1905 வறட்சியில் சினூக் பக்கத்துக் குடியேறிகள் மேலேயே ஆற்றை மறித்துவிட, இவர்கள் வாய்க்காலுக்கு நீர் வரவில்லை. அவர்கள் சார்பில் மத்திய அரசு வழக்குப் போட்டது. குடியேறிகள் சொன்ன வாதம் மேற்கத்திய மாநிலங்களின் வழக்கமான சட்டம்: முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை. 1908 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விவசாயம் செய்து வாழுங்கள் என்று நிலம் ஒதுக்கும்போதே அதற்கு வேண்டிய நீரும் சேர்ந்து ஒதுக்கப்பட்டதாகத்தான் அர்த்தம். ஆகவே அவர்கள் உரிமை 1888-இலிருந்து தொடங்குகிறது என்றது. 'வின்டர்ஸ் வழக்கு' என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். அமெரிக்காவில் பழங்குடிகளின் நீர் உரிமை முழுவதும் நிற்பது இந்தத் தீர்ப்பின்மேல்தான். ஒரு புல்வெளிக் கிளையாற்றுச் சண்டையிலிருந்து இவ்வளவு பெரிய சட்டம் வந்திருக்கிறது.

சரி, தீர்ப்பு வந்தது, தண்ணீர் வந்ததா? இங்கேயும் அதே பாத்திரப் பிரச்சினைதான். உரிமை கையில் இருந்தது. தேக்கவும் கொண்டுபோகவும் வேண்டிய அணைக்கும் கால்வாய்க்கும் பணம் வரவில்லை. மொன்டானா அரசோடு அவர்கள் உடன்பாடு செய்துகொள்ளவே 2001 ஆனது. மேலே பிளாக்ஃபீட் மக்களின் கதை இன்னும் விசித்திரம். செயின்ட் மேரி கால்வாய் தொடங்குவதே அவர்கள் ஒதுக்கீட்டு நிலத்தில். அவர்கள் வீட்டு முற்றத்தைக் கிழித்துக்கொண்டு தண்ணீர் எங்கோ கீழே இருந்த விவசாயிகளுக்குப் போனது. அவர்களுடைய நீர் உடன்பாட்டை அமெரிக்க நாடாளுமன்றம் 2016-இல்தான் ஏற்றது.

கால்வாய் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கு வேண்டாம், அண்மையில் நடந்ததே போதும். அந்தக் கால்வாய் செயின்ட் மேரி பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும். அதற்கு ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் ஏறும் இரண்டு பெரிய எஃகுக் குழாய்கள் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் 90 அங்குல விட்டம். பாதை முடியும் இடத்தில் ஐந்து கான்கிரீட் சரிவுகளில் தண்ணீர் படிப்படியாக விழுந்து வடக்கு மில்க்கில் சேரும். 2020 மே மாதம் அந்தச் சரிவுகளில் ஐந்தாவது இடிந்தது. பாசனப் பருவம் ஏறக்குறைய முடிந்த பிறகு சரிசெய்தார்கள். 2024 ஜூன் 17 அன்று குழாய்களே வெடித்தன. பாப் என்ற ஊருக்குப் பக்கத்தில் மலைச்சரிவே அரித்துக்கொண்டு போனது. நூறு வயதைத் தொட்ட இரும்பு, இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மாற்ற வேண்டும் என்று பல வருஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பராமரிப்புச் செலவில் பெரும்பங்கு விவசாயிகள் தலையில் விழும் ஏற்பாடு என்பதால் பேச்சு பேச்சாகவே இருந்தது.

செயின்ட் மேரி நீர் வராவிட்டால் பத்தில் ஆறு வருஷம் கோடை முடிவதற்குள் மில்க் காய்ந்துவிடும் என்பது மொன்டானாவில் எல்லோரும் சொல்லும் கணக்கு. ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம், பெரும்பாலும் மாட்டுக்குத் தீவனமாகும் குதிரைமசாலும் புல்லும், கூடவே ஹேவர், சினூக், ஹார்லெம் ஊர்களின் குடிநீர், எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. 1939-இல் கட்டிய ஃப்ரெஸ்னோ தேக்கம் கொஞ்சம் தாங்கும். ஆனால் பெயருக்கேற்ற பால்நிற ஆறு அல்லவா? வண்டல் சேர்ந்து சேர்ந்து கொள்ளளவில் கணிசமான பகுதி போய்விட்டது. கடைமடையில் இருக்கும் கிளாஸ்கோ விவசாயிக்கு, நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு மலைச்சரிவில் குழாய் வெடித்தால் இங்கே இரண்டாம் அறுப்பு கிடையாது.

எல்லைக்கு வடக்கேயும் அடி விழுந்தது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆல்பர்ட்டாவின் மில்க் ரிவர் ஊரும் அந்த ஆற்றிலிருந்துதான் நீர் எடுக்கிறது. அமெரிக்கத் தண்ணீர் கடந்துபோகும்போதுதான் அங்கே ஆறு ஆறாக இருக்கும். படகு விடலாம், மீன் பிழைக்கும். உரிமைப்படி அந்த நீரில் கனடாவுக்குச் சொட்டும் கிடையாது. ஆனாலும் அது கடந்துபோவதே ஒரு பயன். ஊருக்குக் கிழக்கே 'எழுத்துப் பாறை' என்ற மாகாணப் பூங்கா இருக்கிறது. காற்றும் நீரும் செதுக்கிய மணற்கல் தூண்கள், அவற்றில் பிளாக்ஃபூட் (மொன்டானாவில் பிளாக்ஃபீட்) மக்களின் மூதாதையர் கீறிய சித்திரங்கள். 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அங்கே கோடையில் டியூபில் மிதந்து போகும் பிள்ளைகள் மிதப்பது அமெரிக்க விவசாயியின் தண்ணீரில்.

இரண்டு ஆறுகளின் பங்கீட்டையும் முழுதாக மறுபடி ஆராய, கூட்டு ஆணையம் 2021-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. தேக்கங்கள், கால்வாயின் கொள்ளளவு, பனி முன்கூட்டியே உருகுவது எல்லாம் அதில் அடக்கம். பழைய குழாய்கள் இருந்த இடத்தில் புதியவை வந்திருக்கின்றன. கால்வாய் பெரிதானால் அமெரிக்கா தன் பங்கை முழுதாக எடுக்கத் தொடங்கும். இதுவரை அந்த மிச்சத்தை அனுபவித்துவந்த ஆல்பர்ட்டா அதை உடனே உணரும். அடுத்த வாக்குவாதம் அங்கேதான் வரும் என்று நினைக்கிறேன்.

மறுபடி அந்தப் பக்கம் போவதாக இருந்தால் அக்டோபர் கடைசியில் போய்ப் பாருங்கள். அதற்குள் மேலே கால்வாய் மதகை மூடியிருப்பார்கள். பாலத்துக்கு அடியில் கூழாங்கல்லுக்கு நடுவே மெல்லிசாக ஒன்று ஓடும். அதுதான் மில்க் ஆற்றின் சொந்தத் தண்ணீர்.